கல்லின் பிறப்பும் சொல்லின் பிறப்பும்

காஞ்சிபுரத்தில் கல்லைக் காட்டிலும் பழையது ஒன்றில்லை. பட்டுத்தறி அதற்குப் பின்னே வந்தது. பல்லவர் கொற்றம் அதற்குப் பின்னே வந்தது. கோயிலும் கோபுரமும் அதற்குப் பின்னே எழுந்தன. அவை யாவற்றையும் தாங்கி நிற்பது கல். தாங்கி நிற்பதை எவரும் வினவுவதில்லை என்பது உலகியல்பே. ஆயினும், தன் வரலாற்றைக் கல்லின்மேல் எழுதிவைத்த ஓரினம், அக் கல் எங்குப் பிறந்தது, எவ்வாறு பிறந்தது என்று கேளாதிருப்பது குறை. அவ் வினாவிற்குரிய விடையைத் தன் தாய்மொழியிற் சொல்லக்கூடும் என்பதையே மறந்திருப்பது அதனினும் பெருங்குறை.

கைலாசநாதர் கோயிலில் ஒரு பாடநூல் ஏறத்தாழ 1300 ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்த அக் கற்றளியில் இருவகைக் கற்கள் உள்ளன. அடித்தளத்தில் கருங்கல் வரிகள்; அவற்றின்மேல் எழுந்த சுவரும் சிலையும் மணற்கல். இரண்டின்மேலும் ஒரே வெயில் காய்ந்தது. ஒரே மழை பெய்தது. ஆயினும் கருங்கல் விளிம்பு மழுங்காது நிற்கிறது. மணற்கல்லோ பொரிந்தும் உதிர்ந்தும், பல உருவங்களிற் கண்ணும் மூக்கும் கரைந்தும், பிற்காலத்தார் பூசிய சுதையால் மூடுண்டும் காணப்படுகிறது. ஒரே அரசன், ஒரே ஊர், ஒரே காலம், ஒரே கைத்திறன். முடிவு மட்டும் இரண்டு. இவ் வேறுபாட்டிற்குக் கரணியம் கற்றச்சனிடம் இல்லை. கல்லின் பிறப்பில் இருக்கிறது.

மணற்கல் என்பது ஒட்டுக்கல். பழைய பாறைகள் தேய்ந்து மணலாகி, ஆற்றாலும் காற்றாலும் ஓரிடத்திற் படிந்து, மேன்மேலும் படிந்த சுமையால் அழுந்தி, இடையே ஊறிய நீர் விட்டுச்சென்ற சுண்ணம் முதலியன பசையாகி ஒட்டிக்கொண்டமையால் உண்டானது அது. பசை கரைந்தால் மணி உதிரும். கருங்கல்லோ ஒட்டியது அன்று; உருகியது. நிலத்தின் ஆழத்தில் உருகிக் குழம்பாய்க் கிடந்து, ஆறி, இறுகியது. அதனாலேயே அவ்வினப் பாறைக்குத் தீப்பாறை என்று பெயர். கல்லுக்கும் தீக்கும் உள்ள உறவை அச் சொல் ஒன்றே விளக்கிவிடுகிறது. கற்போன் அதற்குமேல் அறியவேண்டுவது, அத் தீ எவ்வாறு மூண்டது, எவ்வாறு ஆறியது என்பதே.

நிலத்தின் அடியில் எங்கணும் தீக்கடல் கொந்தளிக்கிறதென்றும், அது பீறிட்டு வெளிப்படுவதே எரிமலை என்றும் படித்தவர்களும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது பிழை. ஞாலத்தின் மேலோடு கண்டங்களில் பெரும்பாலும் 30 முதல் 50 கிலோமீட்டர்த் தடிப்பும், கடலடியில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்த் தடிப்பும் உடையது. அதற்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையில் இருப்பது இடையோடு. இடையோடு கடுஞ்சூடுடையது, எனினும் அது நீர்மம் அன்று, திண்மமே. நிலநடுக்கத்தின்போது எழும் அலைகளுள் குறுக்கலை என்பது நீர்மத்தினூடே செல்லாது. அஃது இடையோட்டினூடே தடையின்றிச் செல்கிறது. இதனின் வேறு சான்று வேண்டா.

அவ்வளவு சூட்டிலும் அது ஏன் உருகவில்லை? அழுத்தத்தால் என்க. உருகும் கல் சற்று விரிந்தாக வேண்டும். மேலே கிடக்கும் பல கிலோமீட்டர்ப் பாறையின் சுமை அவ் விரிவைத் தடுக்கிறது. எனவே ஆழம் மிகுந்தோறும் கல் உருகுவதற்கு வேண்டிய சூடும் மிகுகிறது. இற்றை அடுக்களைகளில் உள்ள அழுத்தக் கலத்தில் நீர் 100 பாகையிற் கொதியாமல் அதனினும் மிகுந்த சூட்டிற் கொதிப்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. ஆகலின், கல் எங்கும் உருகுவதில்லை; உருகுதற்குரிய சூழல் வாய்த்த சில இடங்களில் மட்டுமே உருகுகிறது. அச் சூழல் மூன்று வகையில் வாய்க்கிறது.

முதல் வகை, சுமை இறங்குவது. கடலடியில் ஞாலத் தட்டுகள் இரண்டு ஒன்றைவிட்டொன்று விலகுமிடத்தில், கீழேயுள்ள சூடான பாறை மெல்ல மேலெழுகிறது. எழும்போது அதன் சூடு பெரிதும் குறைவதில்லை; அழுத்தமோ குறைந்துகொண்டே வருகிறது. ஒரு நிலையில் அதன் ஒரு பங்கு உருகிவிடுகிறது. இங்கே எவரும் அடுப்பை மூட்டவில்லை. மூடியைத் திறந்தனர், அவ்வளவே.

இரண்டாம் வகை, நீர் கலப்பது. கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றன்கீழ் அமிழுமிடத்தில், நீரூறிய பாறைகள் ஆழத்திற்கு இழுத்துச் செல்லப்படுகின்றன. அங்கே அவை கக்கும் நீர் மேலுள்ள சூடான பாறையிற் புகுந்து, அதன் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. பனிக்கட்டியின்மேல் உப்பைத் தூவினால் சூடேற்றாமலே அது உருகக் காண்பதில்லையா? அதுபோன்றதே இது. தமிழர் அறியத்தக்க எடுத்துக்காட்டு அந்தமான் கடலிலேயே உள்ளது. அங்குள்ள பாரன் தீவு, இவ்வாறு பிறந்த குழம்பை உமிழ்கின்ற எரிமலை. இந்திய ஒன்றியத்தில் உயிர்ப்புள்ளதென உறுதிசெய்யப்பட்ட எரிமலை அதுவொன்றே. 1787-இல் அது தீயுமிழ்ந்தமை பதிவாகியுள்ளது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991-இல் மீண்டும் உமிழ்ந்தது. அதன்பின்னும் பன்முறை உமிழ்ந்துள்ளது.

மூன்றாம் வகை, சூடு வந்து சேர்வது. ஆழத்திலிருந்து ஏறத்தாழ 1,200 பாகைச் சூட்டோடு எழுந்த குழம்பு, கண்டத்து மேலோட்டின் அடியில் வந்து தேங்குகிறது. மேலோட்டுப் பாறையோ, நீர் கலந்திருப்பின், ஏறத்தாழ 700 பாகையிலேயே உருகத் தொடங்குவது. அடியில் வந்த சூட்டால் அதுவும் உருகுகிறது. கருங்கல்லாய் இறுகிய குழம்புகளிற் பெரும்பகுதி இவ்வாறு மேலோடு உருகியதாலோ, அவ் வுருக்கம் கலந்ததாலோ உண்டானது.

மூவகையிலும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. பாறை முழுதும் ஒருங்கே உருகுவதில்லை. அது பல கனிமங்களின் கூட்டு. ஒவ்வொன்றும் உருகும் சூடு வேறு. நெய்யும் மாவும் கலந்த பண்டத்தை வெயிலில் வைத்தால் நெய் முதலில் வடிகிறது, மாவு நின்றுவிடுகிறது. அவ்வாறே எளிதில் உருகும் பகுதி முதலில் உருகிப் பிரிகிறது. எனவே பிறக்கும் குழம்பு தாய்ப்பாறையின் நேர்படி அன்று. மணலின் உள்ளீடாகிய சிலிக்கா அதில் மிகுந்தும், இரும்பும் மக்னீசியமும் குறைந்தும் இருக்கும்.

இக் குழம்பையே மேலையறிவியலார் மாக்மா என்பர். பாடநூல் எழுதுவோருள் சிலர், தமிழிற் சொல்லில்லை என்பதுபோல் அச் சொல்லை அப்படியே எழுதிவைக்கின்றனர். மாக்மா என்பது என்ன மந்திரச் சொல்லா? பிசைந்த களிம்பிற்குப் பழங்கிரேக்கர் வழங்கிய வீட்டுச் சொல் அது. தங்கள் அடுக்களையிலும் மருந்துக் கடையிலும் வழங்கிய சொல்லையே ஐரோப்பியர் ஞாலத்தின் வயிற்றிற்கு எடுத்துச் சென்றனர். தமிழனுக்குக் குழம்பு என்ற சொல் அடுக்களையிலேயே இருக்கிறது. உருகிய நீர்மமும், அதனுள் மிதக்கும் படிக மணிகளும், கரைந்து கிடக்கும் நீராவி முதலிய வளிகளும் கலந்த ஒன்றைக் கற்குழம்பு என்பதைவிடப் பொருத்தமாகச் சொல்ல எம்மொழியாலும் இயலாது.

கற்குழம்பு சூழவுள்ள திண்பாறையினும் எடை குறைந்தது. ஆதலால் அது விரிசல்களின் வழியாகவும், மேலுள்ள பாறையைத் தள்ளியும் உருக்கியும் மேல்நோக்கி எழுகிறது. எழுந்தவற்றுள் ஒரு சிறுபங்கே எரிமலை வாயை அடைகிறது. பெரும்பங்கு வழியிலேயே, நிலத்தினுள் பல கிலோமீட்டர் ஆழத்தில் தங்கி ஆறிவிடுகிறது. ஆறுகின்ற விரைவே கல்லின் தன்மையை வகுக்கிறது.

இதனை அறியப் பொறிகளும் ஆய்வுக்கூடமும் வேண்டா. கற்கண்டு செய்வோரைக் கேட்டால் போதும். சருக்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல், பல நாள் மெல்ல ஆறவிட்டால் பெரிய பெரிய கண்டுகள் திரள்கின்றன. அதே பாகைக் கிண்டிக்கொண்டே விரைந்து இறுகவைத்தால் பொடிமணிகளே கிடைக்கும். கொதிக்கும் பாகைப் பதம் பார்ப்பதற்காகக் குளிர்ந்த நீரிற் சொட்டினால், மணியே திரளாமல் கண்ணாடிபோல் இறுகி முறிகிறது. பாகு ஒன்றுதான், ஆறிய விரைவால் மூன்றாயிற்று. கற்குழம்பின் கதையும் இதுவே. நிலத்தின் ஆழத்தில், சுற்றிலும் பாறை போர்வையாகப் போர்த்தியிருக்கப் பல இலக்கம் ஆண்டுகள் மெல்ல ஆறியது, கண்ணாற் காணத்தக்க பெருமணிக் கல்லாகிறது; அஃது உள்ளுறை தீப்பாறை. வெளியே வழிந்து காற்றிலும் நீரிலும் விரைந்து ஆறியது, கண்ணுக்குத் தோன்றாத நுண்மணிக் கல்லாகிறது. அது வெளியுமிழ் தீப்பாறை. மணி திரளவே பொழுதின்றி ஒருநொடியிற் குளிர்ந்தது எரிமலைக் கண்ணாடியாகிறது.

இனிக் கருங்கற் படியொன்றில் அமர்ந்து, அதன் உடைந்த முகத்தைக் கூர்ந்து காண்க. சாம்பலாகவும் கண்ணாடிபோலவும் தோன்றுவது வெங்கச்சங்கல்லின் மணி. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பட்டையாக மின்னுவது பெல்சுபார் எனும் கனிமம். கறுத்து ஏடேடாகப் பளபளப்பது, ஊரார் காக்காய்ப்பொன் என்றழைக்கும் கனிமத்தின் கரிய வகை. இவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒன்றனுள் ஒன்று வளர்ந்து பின்னிக் கிடக்கின்றன. முன்னே திரண்ட மணியின் இடுக்கிற் பின்னே திரண்ட மணி புகுந்து நிறைந்திருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாவும் ஊடையும் பின்னிய துணி, பசையிட்டு ஒட்டிய தாளைப்போல் நனைந்தால் பிரிவதில்லை. அதனாலேயே கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் நின்றது, மேற்சுவர் உதிர்ந்தது.

குழம்பு ஆறும்போது எல்லாக் கனிமங்களும் ஒருங்கே திரள்வதில்லை என்பதும் அறியத்தக்கது. இரும்பும் மக்னீசியமும் மிக்க கரிய கனிமங்கள் மிகுந்த சூட்டிலேயே முதலில் திரள்கின்றன. அவை பிரிந்து அடியில் தங்கிவிட்டால், எஞ்சிய குழம்பு சிலிக்கா மிகுந்ததாகி வேறு கல்லாக இறுகுகிறது. வெங்கச்சங்கல் இறுதியிலேயே திரள்வது. நார்மன் போவன் என்னும் அறிஞர், குழம்பை ஆய்வுக்கூடத்தில் உருக்கியும் ஆற்றியும் இவ் வரிசையைக் கண்டறிந்து 1928-இல் நூலாக வெளியிட்டார். ஒரே குழம்பிலிருந்து பல்வேறு கற்கள் பிறத்தல் கூடும் என்பது அதனால் விளங்கிற்று.

இவ்வகையெல்லாம் தமிழகத்திற்கு அண்மையிலேயே உள்ளன. ஏறத்தாழ 6 கோடியே 60 இலக்கம் ஆண்டுகளுக்கு முன்னர், நடுவிந்தியாவிலும் மராட்டியத்திலும் நிலம் பிளந்து வழிந்த குழம்பு அடுக்கடுக்காய் ஆறி, இன்றும் ஏறத்தாழ 5 இலக்கம் சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் எரிமலைக் கல்லாய்க் கிடக்கிறது. எல்லோராவின் கைலாசக் கோயில் அக் கல்லிற் குடையப்பட்டதே. திருவண்ணாமலைப் பக்கங்களிலோ, பழம்பாறையின் வெடிப்புகளிற் புகுந்த குழம்பு, ஆழத்தினும் விரைந்தும் வெளியினும் மெதுவாகவும் ஆறி, கரிய கற்சுவர்களாய் நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் கறுப்புக் கல் இவ்வினத்தது. வணிகர் அதனைக் கறுப்புக் கிரானைட்டு என்று விற்றாலும், அறிவியல் முறையில் அது கிரானைட்டு அன்று. பெயர் பிழைத்தால் பொருளும் பிழைபடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தமிழகத்துக் கற்றச்சர் இக் கல்லியல்பை அறியாதவர் அல்லர். கல்லை உளியால் தட்டி, எழும் ஓசைகொண்டு ஆண்கல், பெண்கல் என வகைப்படுத்துவது அவர் மரபு. பின்னிய மணிகளிடையே வெடிப்பில்லாத கல் மணிபோல் ஒலிக்கும். உட்பிளவுள்ள கல்லும் இற்றுப்போன கல்லும் மந்தமாய் ஒலிக்கும். அவர் செவியறிவிற்கு அறிவியல் அடிப்படை உண்டு என்பது இதனால் விளங்கும். வரிசையாகக் குழியிட்டு ஆப்பிறக்கிப் பாறையைப் பிளந்த தடங்கள் மாமல்லபுரத்தில் இன்றும் காணக்கிடக்கின்றன. செங்கல்லும் மரமும் மாழையும் சுதையுமின்றிக் கோயில் எடுத்த செய்தியை மகேந்திரவர்மன் மண்டகப்பட்டிற் பொறித்துவைத்தான். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லாலே சங்கிலி தொங்குகிறது. ஓட்டுக்கல்லாகவோ ஏட்டுக்கல்லாகவோ இருப்பின் அச் சங்கிலி முதல் வளையத்திலேயே முறிந்திருக்கும். எத்திசையிலும் ஒரேதன்மையாய்ப் பின்னிய மணிகளே அவ் வளையங்களைத் தாங்குகின்றன.

சொல்வளத்திலும் குறைவில்லை. பாறை, அறை, துறுகல், பரல், சரளை, அயிர் என்று கல்லின் அளவுக்கும் வடிவுக்கும் தக்கவாறு தனித்தனிச் சொற்கள் தமிழில் உண்டு. மலைச்சரிவில் உருண்டு திரண்டு நிற்கும் பெருங்கல்லுக்குத் துறுகல் என்று பெயரிட்டது சங்கத் தமிழ். கைத்திறன் இருந்தது, செவியறிவு இருந்தது, சொல் இருந்தது. அம் மூன்றையும் இணைத்து, ஏன் என்று கேட்டு, எழுதிவைக்கும் பழக்கம் இடையே அற்றுப்போயிற்று. அதனால் விளைந்த இழிவைப் பல்லாவரத்திற் காணலாம்.

சென்னையின் தென்மேற்கே பரங்கிமலையும் பல்லாவரமும் ஒருவகைக் கரிய கல்லாலானவை. நெய்பூசினாற்போன்ற மங்கலான பளபளப்பும், நீலம் பாய்ந்த வெங்கச்சமணியும் உடையது அக் கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. அதிலேதான் மகேந்திரவர்மன் பல்லாவரத்துக் குகைக்கோயிலைக் குடைவித்தான். 1851-இல் தொடங்கப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த தாமசு ஆலந்து என்னும் ஆங்கிலேயர் அக் கல்லை நுணுகி ஆய்ந்து, அது தனிவகை என்று கண்டு, 1893-இல் அதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். அப் பெயர் எங்கிருந்து வந்தது? கிழக்கிந்தியக் கும்பணியின் பணியாளராய் இருந்து 1693-இல் மாண்ட யோபு சார்னாக்கு என்பவரின் கல்லறை கொல்கத்தாவில் உள்ளது. அக் கல்லறையின்மேற் கிடந்த கல், சென்னைப் பக்கத்தினின்று சென்ற இவ்வகைக் கல். கல்லறைக்குரியவர் பெயர் கல்லுக்கு வந்தது. அது பிறந்த மண்ணின் பெயர் வரவில்லை. சார்னாக்கைக் கொல்கத்தா நகரை நிறுவியவராகக் கொள்ளத்தகாது என்று அம் மாநில உயர்முறைமன்றமே 2003-இல் தீர்ப்பளித்தது. நகரம் அவரிடமிருந்து விடுபட்டது. பல்லாவரத்துக் கல் இன்னும் விடுபடவில்லை.

இதில் எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகள் வாழ்ந்த ஊர் அதே பல்லாவரம். 1950-இல் மறையும் வரை அவர் உறைவிடம் அதுவே. சொல்லைத் தூய்மை செய்த பெருமகன் நடந்த மண்ணின் அடியில், அயலான் பெயர் சுமந்த கல் கிடந்தது.

இதற்காக ஆலந்தை நோவதிற் பயனில்லை. அவர் கல்லை எடுத்தார். சீவித் தகடாக்கி உருப்பெருக்கியில் வைத்தார். அதன் கனிமங்களை எண்ணினார். 1900-இல் விரிவாக எழுதியும் வெளியிட்டார். உருகிய குழம்பிலிருந்து பிறந்ததே இது என்பது அவர் கொள்கை. பின்வந்தோர், முன்னிருந்த பாறை நிலத்தாழத்தில் நீர்வற்றிய நிலையில் கடுஞ்சூட்டில் வெந்து மாறியதாலும் இக் கல் உண்டாகும் என்று காட்டினர். இன்றும் இடத்துக்கிடம் இருவகையும் பேசப்படுகின்றன. இவ் வாய்வில் உழைத்தவர்க்கே பெயரிடும் உரிமை வந்தது. ஆராய்ந்தவன் பெயரிடுவான், ஆராயாதவன் அப் பெயரை உருப்போடுவான். இதுவே உலகின் முறை.

ஆகலின் இருவகைப் பிழையையும் தமிழர் விலக்கவேண்டும். தமிழில் அறிவியல் இயலாது என்போர் பிழை ஒன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களும் வெளியிட்டார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. அவற்றிற்குப் பின்னும் இயலாது என்பது அறியாமையன்று, சோம்பல். மற்றொரு பிழை தமிழன்பரிடத்தே உள்ளது. தீப்பாறை என்று சொல்லமைத்துவிட்டால் கடமை முடிந்ததென்று அமைவது அது. அக்கினிப் பாறை என்று பழைய பாடநூல் எழுதியதைத் தீப்பாறை என்று மாற்றியது நன்றே. ஆனால் அத் தீ எவ்வாறு மூண்டதென்று மாணாக்கனுக்குச் சொல்லாவிடின், வடசொல்லை உருப்போட்டவன் தென்சொல்லை உருப்போடுவான், வேறுபாடு அவ்வளவே. பொருளறியாத சொல், கல் பதியாத மோதிரம்.

காலந்தாழ்த்தலும் கூடாது. கல்லே குறைந்துவருகிறது. பரங்கிமலைக்கும் பல்லாவரத்திற்கும் சுற்றிலுமுள்ள குன்றுகள் சல்லிக்காக உடைக்கப்பட்டுப் பெருங்குழிகளாயின. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்லெடுப்புக் குழிகளிலிருந்து 2017-ஆம் ஆண்டு வறட்சியிற் சென்னைக்கு நீர் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வளவு ஆழமும் அகலமும் உடையவை அக் குழிகள். வீடும் பாலமும் சாலையும் கல்லின்றி இயலா என்பது மெய். ஆயினும் பல இலக்கம் ஆண்டுகள் ஆறித் திரண்டதை ஒரு வெடியில் உடைப்போன், தான் உடைப்பது இன்னது என்றேனும் அறிந்திருத்தல் வேண்டும். வெட்டிய மரம் மீண்டும் தளிர்க்கும். வற்றிய ஏரி மீண்டும் நிறையும். உடைத்த குன்று மனிதன் எண்ணும் காலத்திற்குள் மீண்டும் பிறவாது. இக் கணக்கை அறிந்த ஊரே எந்தக் குன்றை உடைக்கலாம், எதனை விட்டுவைக்கவேண்டும் என்று கேட்கும் துணிவு பெறும்.

செய்யவேண்டுவன பெரியன அல்ல. காஞ்சிபுரத்துப் பள்ளிதோறும் ஆண்டிற்கொரு நாளேனும் மாணாக்கரைக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் செல்க. அடித்தளத்தையும் சுவரையும் கையாற் சுட்டி, உருகியது இது, ஒட்டியது அது என்று தமிழிற் சொல்க. கற்றச்சரும் கல்லுடைப்போரும் வழங்கும் சொற்களை அவர்களிடம் சென்று கேட்டுத் தொகுக்க. கலைச்சொல் அமைப்போர் அகரமுதலிகளைப் புரட்டுமுன் அவற்றைப் பார்க்க. உலக அறிஞர் சார்னோக்கைட்டு என்று வழங்கினும், தமிழ்ப் பாடநூலில் அக் கல் பல்லாவரக்கல் என்று முதற்கண் எழுதப்படுக; அயற்பெயர் அதன் பின்னே நிற்க. எல்லாவற்றிற்கும் மேலாக, தமிழிற் கற்ற பிள்ளை ஒருவன் நாளை இம் மண்ணின் கல்லில் ஆலந்து காணாத ஒன்றைக் கண்டு, அதற்குத் தன் மொழியிற் பெயரிடும் நாள் வருக.

கற்குழம்பு விரைந்து ஆறினால் கண்ணாடியாகும், ஒருதட்டில் உடையும். பொறுத்து ஆறினால் கருங்கல்லாகும், ஊழியூழியாய் நிற்கும். மொழிப்பற்றும் அத்தகையதே. ஒருநாட் கொதித்து மறுநாட் குளிரும் உணர்ச்சி கண்ணாடி. ஆண்டாண்டாய் உள்ளிருந்து, அறிவோடு பின்னி, மெல்லத் திரளும் உழைப்புக் கருங்கல். தமிழ் நிற்கவேண்டுவது அக் கருங்கல்லின்மேல்.